ராமேஸ்வரம், ராமநாதபுரத்திலிருந்து எந்த ஊர் எவ்வளவு தூரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் வாடகை வண்டி ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். போன் எடுத்தவுடன் வாடகையைக் கேட்பவர்கள் குறைவு, "எவ்வளவு தூரம் வரும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாம் ஒன்று சொன்னால் "நெட்டில் கம்மியாகப் போட்டிருக்கிறதே" என்று அடுத்த கேள்வி வரும். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். வான்வழித் தூரம் என்று நான் சொல்வதெல்லாம் ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்குப் போட்ட நேர்கோடு. சாலைத் தூரத்தில் ஐந்து பத்து கிலோமீட்டர் கூடக்குறைய இருக்கும். அதற்குச் சண்டைக்கு வராதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு எவ்வளவு? ஒரு இடத்தில் 149 என்றும் இன்னொரு இடத்தில் 170-க்கு மேல் என்றும் போட்டிருக்கிறதே?

இரண்டும் சரிதான். 149 கிலோமீட்டர் என்பது வான்வழி நேர்கோடு. 170 முதல் 175 வரை என்பது சாலை. தூரம் காட்டும் பக்கங்களில் பல, முதலில் நேர்கோட்டைத்தான் பெரிய எழுத்தில் காட்டும். "விமானத் தூரம்" என்று அதற்குத் தலைப்பும் வைத்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்கு விமானம் போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்பவர்கள் நிறைய பேர். போகவில்லை. எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் அந்தக் கணக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும், நடுவில் விமான நிலையம் இருக்கிறதா, கடல் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது.

அந்த வான்வழித் தூரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? நாமே போட முடியுமா?

தாராளமாக. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டும் தெரிந்தால் போதும். செல்போன் வரைபடத்தில் ஊரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே அவை வந்துவிடும். ராமேஸ்வரம் 9.29 வடக்கு, 79.31 கிழக்கு. மதுரை 9.93 வடக்கு, 78.12 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 0.64, தீர்க்கரேகை வித்தியாசம் 1.19.

ஒரு டிகிரி அட்சரேகை எங்கேயும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் கடற்கரையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வரும். ஆக வடக்கே 71 கிலோமீட்டர், மேற்கே 131 கிலோமீட்டர். அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான். 71-ஐ 71-ஆல் பெருக்கினால் 5,041. 131-ஐ 131-ஆல் பெருக்கினால் 17,161. கூட்டினால் 22,202. அதன் வர்க்கமூலம் 149.

பூமி உருண்டை, அதற்கு வளைவுக் கணக்கு வேண்டாமா என்று கேட்கலாம். டெல்லிக்கோ துபாய்க்கோ போட்டால் வேண்டும். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இந்தக் கணக்கே போதும், வித்தியாசம் ஒரு கிலோமீட்டர் வந்தாலே அதிகம்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து விமான நிலையம் எது?

மதுரை. விமான நிலையத்திலிருந்து ராமேஸ்வரம் கோவில் வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர், சாதாரண நாளில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பது நமக்கு வசதி. மண்டேலா நகரில் ரிங் ரோட்டைப் பிடித்து விரகனூர் ரவுண்டானாவுக்கு வந்துவிட்டால் அங்கிருந்து நேராக ராமநாதபுரம் ரோடு. ஊருக்குள் நுழையவே வேண்டாம். சிலைமான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று போகும். இது தேசிய நெடுஞ்சாலை 87. பழைய ஆட்கள் 49 என்பார்கள், அதுவும் இதே சாலைதான்.

"தூத்துக்குடி விமானத்தில் டிக்கெட் கம்மியாக இருக்கிறது, அங்கே இறங்கலாமா?" என்று ஒரு கேள்வி உண்டு. வாகைக்குளத்தில் இருக்கும் அந்த விமான நிலையம் 2025 ஜூலையில் புதிய முனையத்தோடு பெரிதாகிவிட்டது. ஓடுபாதையும் மூன்று கிலோமீட்டருக்கு நீண்டிருக்கிறது. ஆனால் அது தூத்துக்குடிக்கு மேற்கே திருநெல்வேலி சாலையில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஊரைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி ராமேஸ்வரம் வர 200 கிலோமீட்டர் ஆகும். டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் வண்டிக்குப் போய்விடும். அதே சமயம் சாயல்குடி, கடலாடி பக்கம் வீடு இருப்பவர்களுக்கு வாகைக்குளம்தான் கிட்ட. "ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மதுரை" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நம் மாவட்டத்துக் கடற்கரையே 230 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தொண்டியில் இருப்பவரும் சாயல்குடியில் இருப்பவரும் ஒரே மாவட்டம், ஆனால் ஒரே விமான நிலையம் இல்லை.

திருவாடானை, தொண்டி பக்கத்துக்காரர்கள் திருச்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானம் அங்கே நிறைய. நம் பக்கத்திலிருந்து புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சி ஊருக்குள் போகும் முன்பே விமான நிலையம் வந்துவிடும்.

ராமநாதபுரத்திலேயே விமான நிலையம் இருக்கிறதென்று வரைபடம் காட்டுகிறதே?

அது உச்சிப்புளியில் உள்ள கடற்படைத் தளம், ஐ.என்.எஸ். பருந்து. ஓடுபாதை உண்டு, பயணிகள் விமானம் இல்லை. அதில் சிறிய விமானங்கள் விடலாம் என்ற பேச்சு ரொம்ப வருடமாக இருக்கிறது. ராமேஸ்வரத்தில் புதிய விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். கட்டி முடித்து விமானம் வந்து இறங்கும் வரைக்கும் மதுரைக்கு டிக்கெட் போடுங்கள்.

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு விமானம், ரயில், கார்: எது கிட்ட?

நேர்கோட்டில் 435 கிலோமீட்டர். காரில் திருச்சி வழியாக வந்தால் சுமார் 560. சேது எக்ஸ்பிரஸ் வரும் பாதையில் ரயில் தூரம் 600-ஐ ஒட்டி. விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி என்று வந்து மானாமதுரையில் திரும்பித்தான் ராமநாதபுரம் வர வேண்டும், அதனால்தான் கூடுதல். கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றி வரும் ரயில் என்றால் இன்னும் கூடும்.

விமானக் கணக்கைத்தான் எல்லாரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோடு ஏறத்தாழ 417 கிலோமீட்டர். விமானம் அதே கோட்டில் பறப்பதில்லை. காற்றை எதிர்த்து ஏறும், திரும்பும், இறங்கும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் ஒரு வட்டம் போடும். அப்படியும் ஒன்றே கால் மணி நேரத்தில் மதுரை வந்துவிடும். இந்த ஒன்றே கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் "காலை எட்டு மணி விமானம், பத்து மணிக்கு கோவிலில் இருப்போம், அர்ச்சனைக்குச் சொல்லிவையுங்கள்" என்கிறார்கள். எட்டு மணி விமானத்துக்கு வீட்டை விட்டு ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். மதுரையில் இறங்கி, பெட்டி எடுத்து, வண்டியில் உட்கார ஒன்பதே முக்கால். வழியில் ஒரு டிபன். ராமேஸ்வரம் வந்து சேர மணி ஒன்று, ஒன்றரை. அதற்குள் உச்சிகாலப் பூஜை முடிந்து நடை சாத்தியிருப்பார்கள். வீட்டு வாசலிலிருந்து கோவில் வாசலுக்கு எட்டு மணி நேரம்.

ரயில் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும். ஆனால் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது பாம்பனில் இருப்பீர்கள். பகல் பொழுது மிச்சம். என்னைக் கேட்டால் தனியாகவோ இருவராகவோ வருபவர்களுக்கு ரயில்தான். பழைய ரயில் பாலம் பழுதாகி 2022 டிசம்பரில் ராமேஸ்வரத்துக்கு ரயில் நின்றது. மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறிய காலம் அது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடி ஊர் வரை ரயில் வருகிறது. அதனால் "மண்டபத்தில் இறங்கணுமா?" என்று இனிக் கேட்க வேண்டாம்.

காரில் வந்தால் பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக, பாண்டிச்சேரி, நாகப்பட்டினம், தொண்டி என்று கடலோரமாகவே வரலாமா என்று கேட்பவர்களுக்கு: வரலாம், அழகாக இருக்கும். ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை. அவசரமாக வருபவர்கள் திருச்சிச் சாலையிலேயே வாருங்கள்.

ராமநாதபுரம் – ராமேஸ்வரம்?

நேர்கோடு 54, சாலை 55-ஐ ஒட்டி. தமிழ்நாட்டில் இவ்வளவு ஒட்டிப்போகும் இரண்டு ஊர் கிடைப்பது அபூர்வம். உச்சிப்புளியைத் தாண்டினால் நிலமே ஒரு விரல் மாதிரி ஒடுங்கிவிடும். இந்தப் பக்கம் பாக் நீரிணை, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. சாலை வளைந்து போக இடமே இல்லை. பக்கத்திலேயே தண்டவாளமும் ஓடுகிறது. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் மட்டும் 2.3 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன்பு தீவுக்குக் காரில் போக வழியே கிடையாது, 1914-இல் வந்த ரயில் பாலம் ஒன்றுதான். அப்போது இந்த 55 கிலோமீட்டருக்குத் தூரம் கேட்பவர்கள் ரயில் நேரத்தையும் சேர்த்துத்தான் கேட்டிருப்பார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி, கன்னியாகுமரி? வரைபடத்தில் பக்கமாகத் தெரிகிறதே?

தெரியும், கோடு கடல் வழியாகப் போகிறதே. தூத்துக்குடிக்கு நேர்கோடு 142 கிலோமீட்டர். அந்தக் கோட்டில் போனால் கீழக்கரைக்குத் தெற்கே பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளி மன்னார் வளைகுடாவுக்குள் இருப்பீர்கள். சாலையில் ராமநாதபுரம் வரை வந்து, கீழக்கரை, ஏர்வாடி பக்கம் திரும்பி, சாயல்குடி, வேம்பார், குளத்தூர் என்று போக 180 கிலோமீட்டர். கன்னியாகுமரிக்கு நேர்கோடு 236, சாலை 310. ராமேஸ்வரத்தில் தரிசனம் முடித்து மதியம் கிளம்பினால் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது, ஆறு மணி நேரப் பயணம். அங்கே தங்கி மறுநாள் உதயம் பாருங்கள்.

தொண்டியிலிருந்து ராமேஸ்வரமும் இதே கதை. கடலின் மேல் 60 கிலோமீட்டர். சாலையில் தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரத்தைத் தொட்டு வருவதால் நூறைத் தாண்டும். பொதுவாக உள்நாட்டு ஊர்களுக்கு நேர்கோட்டோடு ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு சேர்த்தால் சாலைத் தூரம் வந்துவிடும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை நேர்கோட்டில் 100, சாலையில் 115. கடலோரம் வளைந்து போகும் ஊர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? எப்படிப் போவது?

நேர்கோட்டில் 87 கிலோமீட்டர். பரமக்குடி போகும் தூரம்கூட இல்லை. கொழும்பே 270 கிலோமீட்டர்தான், அதாவது எங்களுக்குச் சென்னையை விடக் கொழும்பு கிட்ட. ஆனால் போக வேண்டும் என்றால் கதை வேறு.

இன்றைக்கு ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குப் பயணிகள் கப்பல் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போக சென்னை ஒரு வழி, திருச்சி ஒரு வழி. பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. சென்னையிலிருந்து சேவை முதலில் வந்தது, திருச்சியிலிருந்து 2025 மார்ச் கடைசியில் தொடங்கினார்கள். சென்னை வழி என்றால் சாலையில் 560, அப்புறம் வானில் 356. மொத்தம் 900 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி, எதிரே இருக்கும் ஊருக்குப் போகிறோம். திருச்சி வழி என்றால் சாலையில் சுமார் 235, வானில் 184, மொத்தம் 420. இங்கிருந்து போகிறவர்கள் திருச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அட்டவணை அடிக்கடி மாறும், எந்தக் கிழமை பறக்கிறது என்று பார்த்துவிட்டு மற்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

கடல் வழியாகப் போக ஆசை என்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். ராமநாதபுரத்திலிருந்து நாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் 200 கிலோமீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் கடல் சரியில்லை என்றால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

கொழும்புக்கு மதுரையிலிருந்தே விமானம் உண்டு. ஏறத்தாழ 355 கிலோமீட்டர். எந்த வழியில் போனாலும் பாஸ்போர்ட், விசா அனுமதி இரண்டும் வேண்டும். "பக்கத்தில்தானே, ஆதார் போதாதா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் தனுஷ்கோடியிலிருந்து போனார்களே, அது எவ்வளவு தூரம்?

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவுதான். 1914-இலிருந்து போட் மெயில் ரயில் சென்னையில் கிளம்பி தனுஷ்கோடித் துறை வரை வரும். கப்பல் ஏறி அந்தப் பக்கம் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ரயில் தயாராக நிற்கும். துறைக்குத் துறை கப்பல் போன தூரம் 22 மைல், 35 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போயிற்று. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. இலங்கையில் போர் தொடங்கிய எண்பதுகளில் அதுவும் நின்றது.

அந்த நாளில் கொழும்பு போய் வந்தவர்கள் எங்கள் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் தூரம் கேட்டால் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறினால் அடுத்த சாப்பாட்டுக்கு முன்பு அந்தக் கரை என்பார்கள்.

மீனவர்கள் சொல்லும் "நாட்டிக்கல்" எத்தனை கிலோமீட்டர்?

ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அட்சரேகையின் ஒரு டிகிரியை அறுபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். அதனால் கடலில் கணக்குச் சுலபம், வரைபடத்தின் ஓரத்தைப் பார்த்தே தூரம் சொல்லிவிடலாம். விமானிகளும் இதே கணக்குதான். விசைப்படகுகள் கரையிலிருந்து குறிப்பிட்ட கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் சட்டம். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். காட்டுவது எப்போதும் நேர்கோட்டுத் தூரம். பார்டர் எத்தனை நாட்டிக்கல்லில் இருக்கிறது என்று பார்த்தே பொழுது போகும் கடல் இது. வாடைக்காற்றும் நீரோட்டமும் இழுக்கும்போது திரையில் தெரியும் தூரத்தைப் படகு கேட்காது.

ஒரே ஊருக்கு வெவ்வேறு செயலி வெவ்வேறு தூரம் காட்டுவது ஏன்?

முதல் காரணம் எந்த இடத்திலிருந்து எந்த இடம் என்பது. "ராமநாதபுரம்" என்று போட்டால் ஒன்று அரண்மனையிலிருந்து அளக்கும், ஒன்று ரயில் நிலையத்திலிருந்து, ஒன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பட்டணம்காத்தானிலிருந்து. "ராமேஸ்வரம்" என்றால் பஸ் ஸ்டாண்டா, கோவிலா? பஸ் ஸ்டாண்ட் கோவிலிலிருந்து தள்ளி இருக்கிறது, இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். இரண்டாவது, செயலிகள் சீக்கிரம் போகும் வழியைக் காட்டும், குறைந்த தூரத்தை அல்ல. ஊருக்குள் போகாமல் பைபாஸில் சுற்றினால் நான்கு கிலோமீட்டர் கூடும், பத்து நிமிடம் குறையும்.

மூன்றாவது காரணம்தான் ஆபத்து: பெயர். கோயம்புத்தூருக்குள் திருச்சி ரோட்டில் ஒரு ராமநாதபுரம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மதுரைக்கு நேர்கோடு 100-க்குப் பதில் 170 காட்டும். பலர் அந்த எண்ணைக் கவனிப்பதே இல்லை, "ஓஹோ, அவ்வளவு தூரமா" என்று போய்விடுவார்கள். ஏர்வாடியும் அப்படித்தான். தர்கா இருக்கும் ஏர்வாடி நம்முடையது, கீழக்கரையைத் தாண்டிக் கடலோரம். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி பக்கம் இன்னொரு ஏர்வாடி உண்டு. வெளிமாநிலத்திலிருந்து வேண்டுதலுக்கு வரும் குடும்பம், நோயாளியை வைத்துக்கொண்டு அந்த ஏர்வாடிக்குப் போய் நின்றால் என்ன ஆவது? அதனால் ஊர்ப் பெயரோடு மாவட்டப் பெயரையும் போடுங்கள், அல்லது பின்கோடு பாருங்கள். நம் மாவட்டம் 623 என்று தொடங்கும்.

மதுரை – ராமேஸ்வரம் உண்மையில் எத்தனை மணி நேரம்?

மூன்று முதல் மூன்றரை. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை, பறந்து வந்துவிடலாம். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் இருவழிதான். அதை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, 46 கிலோமீட்டர் சொச்சம். வேலை நடக்கும்போது இன்னும் நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு என்றால் பாம்பன் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுப்பவர்கள் புண்ணியத்தில் அரை மணி நேரம் சேரும். பாலத்தில் நிறுத்தக் கூடாது என்று போலீஸ் விரட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

சில நாட்களில் கிலோமீட்டர் கணக்கே பயன்படாது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முதல் நாள் இரவே தீவுக்குள் வந்துவிடுங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியிலும், அக்டோபர் 30-ஐ ஒட்டிப் பசும்பொன்னிலும் நினைவு நாள் நிகழ்ச்சிகள். அந்த நாட்களில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் வரும். விமானத்துக்குப் போக வேண்டியவர்கள் அந்தத் தேதிகளில் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை தூரம் 115 என்கிறீர்கள், பில்லில் 230 போடுகிறீர்களே?

டிரைவர் திரும்பி வர வேண்டும் அல்லவா. வாடகை வண்டியில் மீட்டர், வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பி மறுபடி ஷெட்டுக்கு வரும் வரை ஓடும். டிராப் மட்டும் என்றாலும் பல இடங்களில் இதுதான் வழக்கம். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்றும் இருக்கும். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா தனி. கிளம்பும்போது மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், தப்பாக நினைக்கிற வண்டியில் ஏறாதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி எவ்வளவு? கார் கடைசி வரை போகுமா?

அரிச்சல்முனை வரை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கார் கடைசி வரை போகும். 2017-க்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அப்புறம் மணலில் வேன்தான். அந்த வருடம் ஜூலையில் மிச்சமிருந்த ஒன்பதரை கிலோமீட்டருக்கும் தார்ச்சாலை திறந்துவிட்டார்கள். பெட்ரோல் ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், வழியில் பங்க் கிடையாது. இருட்டிய பிறகு உள்ளே விடுவதில்லை, சாயங்காலம் நாலு மணிக்காவது ஊரை விட்டுக் கிளம்பினால்தான் நின்று பார்க்க நேரம் இருக்கும். வண்டி இல்லாதவர்களுக்கு ராமேஸ்வரத்திலிருந்து டவுன் பஸ் போகிறது. கடைசி பஸ் திரும்பும் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.